மேட்டில் வரைந்த மூன்றாம் டிவிஷன்

1. லிஸ்டில் இல்லாத டிவிஷன்

காலை ஏழேகால் மணிக்கு நான் ஆபீஸ் கதவைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. ஜொகூரில் மூன்று நாளாக விடாத மழை. உலு திராமிலிருந்து கோத்தா திங்கி வரை பஸ்ஸில் வந்ததில் சுடிதார் கால் முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. குடையை வாசலில் போட்டுவிட்டு ஓடிப்போய் போனை எடுத்தேன்.

பேசியது தோட்டத்து மூன்றாம் டிவிஷன் மண்டோர் முனியாண்டி. முப்பது வருஷம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் ஆள்களை வைத்து வேலை வாங்கியவர், ஆனால் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் அவர் உயர்த்தவில்லை.

“மேரிம்மா, தண்ணி ஆயாக்கொட்டகைப் படி ஏறிடுச்சு. லோரி எப்ப வரும்?”

ஆயாக்கொட்டகை என்பது அம்மாக்கள் வேலைக்குப் போனபிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். லயத்தில் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகளைவிட அதன் தரை இரண்டு படி உயரம். அதற்குள் தண்ணீர் வருகிறது என்றால் வீடுகளுக்குள் முழங்கால் அளவு நிற்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் இருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த லிஸ்டைப் பார்த்தேன். வெள்ளம் வந்தால் எந்த டிவிஷனுக்கு எந்த லோரி எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று கம்பெனி போட்டிருந்த லிஸ்ட் அது. ஒன்றாம் டிவிஷன் இருந்தது, இரண்டு இருந்தது, ஐந்து இருந்தது. மூன்றாம் டிவிஷன் இல்லை.

லிஸ்டுக்குப் பக்கத்தில் பெரிய மேப் ஒன்று தொங்கியது. தண்ணீர் ஏறும் இடமெல்லாம் நீலம், ஏறாத மேடெல்லாம் பச்சை. அந்த மேப்பை வைத்துத்தான் லிஸ்ட் போட்டார்கள். மூன்றாம் டிவிஷன் வீடுகள் அதில் பச்சைக்குள், மேட்டுச் சரிவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. லோரி நான்கும் ஏற்கெனவே மற்ற டிவிஷன்களுக்குக் கிளம்பிவிட்டன.

அந்த மேப்பை வரைந்தவள் நான். அதன் கீழ் மூலையில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் இருந்தது வேறொருவர் பெயர். அந்தப் பெயர் அங்கே வந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். இந்த வேலைக்கு வருகிற இளையவர்கள் படித்துவிட்டுக் கோபப்பட்டால் எனக்குச் சந்தோஷம்.

2. மென்பொருள் என் மேசைக்கு, பயிற்சி மாடிக்கு

என் பெயர் ஆரோக்கியமேரி. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, கோத்தா திங்கியைச் சுற்றிப் பல தோட்டங்கள் வைத்திருந்த ஒரு கம்பெனியின் வட்டார ஆபீசில் ட்ரேசராகச் சேர்ந்தேன். பழைய பிளான்மேல் ட்ரேசிங் பேப்பரை வைத்து, மை பேனாவால் ரோடு, ஆறு, கால்வாய், லயம் எல்லாவற்றையும் நகல் எடுக்கும் வேலை. கை நடுங்கக்கூடாது, பேப்பரில் வியர்வை படக்கூடாது, அவ்வளவுதான் அப்போது படிப்பு. நான் சேர்ந்தபோது பிளான் ரூமில் நான்கு பேர் இருந்தோம். கடைசியில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஜி.ஐ.எஸ் வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ரோடு ஒரு லேயர், ஆறு ஒரு லேயர், வீடுகள் ஒரு லேயர் என்று தனித்தனியாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ‘ஆறு இத்தனை மீட்டர் உயர்ந்தால் எந்தெந்த வீட்டுக்குள் தண்ணீர் போகும்’ என்று கேட்டால் பதில் சொல்லும் மேப் அது. அதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருஷமாக நான் வரைந்த கோடுகள் அன்றைக்குத்தான் வாய் திறந்து பேசின.

பிளான் அலமாரி என் ரூமில் இருந்ததால் மென்பொருளையும் என் கம்ப்யூட்டரிலேயே போட்டார்கள். அதை எப்படி ஓட்டுவது என்று கற்றுக்கொடுக்கும் பயிற்சி மட்டும் மாடிக்குப் போனது. மாடியில் இருந்தவர்கள் எக்சிகியூட்டிவ்கள். ஜொகூர் பாருவில் ஏசி ஹாலில் ஐந்து நாள் வகுப்பு, இரண்டு வேளை டீ, கடைசியில் சான்றிதழ். ‘எக்சிகியூட்டிவ் தரத்திலிருப்போர் மட்டும்’ என்று விண்ணப்பப் பாரத்தின் தலையிலேயே அச்சடித்திருக்கும்.

இருந்தாலும் நான் விண்ணப்பித்தேன். ஒரு தடவை இல்லை, ஐந்து வருஷம், ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரே வாசகம் பதிலாக வந்தது. தமிழில் சொன்னால்: ‘இப்பயிற்சி தங்களின் தற்போதைய பணிக்கு அவசியமில்லை.’ அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து, ஜி.ஐ.எஸ்ஸில் அன்றைய வேலையைச் செய்வேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் அந்தப் பூசாரிகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

கற்றுக்கொண்டதெல்லாம் தட்டுத்தடுமாறித்தான். மென்பொருளின் உதவிப் பக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். ‘இதை அழுத்தாதே, எல்லாம் போய்விடும்’ என்று அந்த நோட்டில் மூன்று இடத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

3. விரல் அகலம்

அந்தப் பயிற்சியில் ஒரு விதி உண்டு. ஐந்து நாள் முடிந்ததும் ஒரு மாதத்துக்குள் சொந்தமாக ஒரு புரோஜெக்ட் செய்து அனுப்பவேண்டும். அனுப்பினால்தான் சான்றிதழ். மாடியிலிருந்து போனவர்கள் யாருக்கும் மௌஸைப் பிடித்து ஒரு கால்வாய் வரையத் தெரியாது. அதனால் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பயிற்சிக்குப் போனவர் திரும்பி வந்ததும் பிளான் ரூம் வாசலில் நின்று, “மேரி, கொஞ்சம் முடிச்சுக் குடுங்களேன்” என்பார். கையில் கோர்ஸ் பைலும் தம்ப் டிரைவும் இருக்கும்.

நான் செய்துகொடுத்தேன். மூன்று பேருக்குச் செய்துகொடுத்தேன். ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். அந்த பைலைத் தொட்டுப் பார்க்க எனக்கு வேறு வழி இல்லை. அவர்கள் உட்கார்ந்து தூங்கிய வகுப்பின் பாடத்தை நான் அந்தத் தம்ப் டிரைவ் வழியாகத்தான் பார்த்தேன். அதுவும் பாதிதான் இருக்கும், மீதியைப் பயிற்றுநர் வாயால் சொல்லியிருப்பார். அதோடு, உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது. அவர்களுக்குச் சான்றிதழ், எனக்கு ‘தேங்க்ஸ் லா’.

மூன்றாவதாக வந்தவர் மிஸ்டர் சந்திரன், திட்டப் பிரிவு உதவி மேனேஜர். நம் ஆள்தான். தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு முறுக்கு கொடுப்பார், கிறிஸ்துமசுக்கு முதல் ஆளாக வாழ்த்துச் சொல்வார். நம் ஆள் என்பதால் என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவார் என்று நம்பினேன். ‘எச்.ஆர் ஒத்துக்கமாட்டாங்க’ என்று திருப்பிக் கொடுத்தார். அவர் புரோஜெக்டுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு வெள்ளம் வரும் இடங்களின் மேப். தலைப்பு மட்டும் அவருடையது.

ஆற்றையும் நிலத்தின் மேடு பள்ளத்தையும் சாட்டிலைட் படத்திலிருந்து எடுத்தேன். வீடுகள் படத்தில் சரியாகத் தெரியவில்லை. மூன்றாம் டிவிஷன் லயத்தைச் சுற்றிப் பெரிய பெரிய மரங்கள், கூரை மறைந்திருந்தது. அதனால் வீடுகளையும் உள் ரோடுகளையும் பழைய தோட்டத்துப் பிளானிலிருந்து எடுத்தேன். நானே பல தடவை ட்ரேஸ் செய்த பிளான். ஸ்கேன் செய்து உள்ளே போட்டு, இரண்டையும் அடுக்கியபோது ஒட்டவில்லை. பழைய பிளானின் ரோடு ஒரு இடத்தில் போனது, படத்தின் ரோடு அதற்குப் பக்கத்தில் போனது.

பிளான் ரூமில் இதற்கு நாங்கள் காலங்காலமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: பேப்பர் இழுத்துவிட்டது. ஜொகூர் ஈரத்தில் பேப்பர் விரியும், ஏசியில் சுருங்கும். இரண்டு தாள் ஒட்டாவிட்டால் மேல் தாளைக் கொஞ்சம் நகர்த்தி, பொருந்தும் இடம் பார்த்து வரைந்துகொள்வோம். எல்லா ட்ரேசரும் செய்கிற காரியம், எனக்குக் கையில் ஊறிப்போனது. ஆனால் பேப்பர் ஒரு நூலிழை இழுக்கும். இங்கே ஸ்கிரீனில் என் விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. மாடி ஏறிப்போய் மிஸ்டர் சந்திரனிடம் கேட்டேன்.

“சார், ரோடு ரெண்டும் ஒட்டலை. இவ்வளவு தூரம் பேப்பர் இழுக்காது. கோர்ஸ்ல இதப்பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?”

“அதெல்லாம் பழைய பேப்பர் லா, மேரி. அப்படித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை அனுப்பணும், விட்டுடுங்க.”

விட்டுவிட்டேன். மெயின் ரோட்டை மட்டும் படத்தைப் பார்த்து இழுத்துச் சரி செய்தேன். வீடுகள் பழைய பிளான் சொன்ன இடத்திலேயே இருந்தன. புரோஜெக்டுக்கு ‘மிகச் சிறப்பு’ என்று மதிப்பெண் வந்தது. பெரிய மேனேஜருக்கு மேப் பிடித்துப்போய், பெரிதாக அச்சடித்து எல்லா ஆபீசிலும் மாட்டச் சொன்னார். அடுத்த மாதமே அதை வைத்து லோரி லிஸ்ட் தயாரானது.

4. சரோஜா அக்கா

அன்று காலை போனில் காத்திருந்த முனியாண்டியிடம் லிஸ்ட் கதையை நான் சொல்லவில்லை. எல்லாரையும் கோயில் மண்டபத்துக்கு ஏற்றுங்கள் என்று மட்டும் சொன்னேன். பிறகு லோரி டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவர் திரும்பி வரச் சம்மதித்தார், ஆனால் அதற்குள் ரோடு மூழ்கிவிட்டது. கடைசியில் பகல் இரண்டு மணிக்கு மீட்புப் படகு போய்த்தான் அவர்களைக் கொண்டுவந்தது. அதுவரை பிள்ளைகளும் கிழவர்களும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நெருக்கியடித்து நின்றிருக்கிறார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பெரியவர் படியில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்தது. வீட்டுச் சாமான் யாருக்கும் மிஞ்சவில்லை.

சாயந்திரம் நிவாரண மையமாக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சரோஜா அக்கா அங்கே பேத்தியின் பள்ளிப் புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் டிவிஷனில் பழம் பொறுக்கும் வேலை செய்கிறவர். என் அம்மாவும் அவர் அம்மாவும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“உன் மேப்புல எங்க வீடு மேட்டுல இருக்காமே, மேரி. வா, வந்து அந்த மேட்டை எனக்குக் காட்டு.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு வெட்கத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

தண்ணீர் வடிந்த அடுத்த சனிக்கிழமை கையடக்க ஜி.பி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு மூன்றாம் டிவிஷனுக்குப் போனேன். கோயில் படியில் நின்று அது காட்டிய இட எண்களைக் குறித்தேன், ஆயாக்கொட்டகை வாசலில் நின்று குறித்தேன், ஒவ்வொரு லயத்தின் மூலையிலும் நின்று குறித்தேன். சரோஜா அக்கா வாசலில் சேற்றை வழித்துக்கொண்டே நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை மேப்போடு ஒப்பிட்டேன். எல்லா வீடும் சுமார் இருநூறு மீட்டர் கிழக்கே தள்ளி வரையப்பட்டிருந்தது. ஆற்றங்கரையில் இருக்கவேண்டிய வீடுகள் அப்படித்தான் மேட்டுக்குப் போயிருந்தன. பேப்பர் இழுத்திருந்தால் ஒரு இடத்தில் கூட, ஒரு இடத்தில் குறைய இருக்கும். இது எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஒரே திசை. பேப்பர் மேல் தப்பு இல்லை என்று தெரிந்தது. வேறு எதன்மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

5. பயிற்சி இல்லாதவர் செய்த வேலை

விசாரணைக் கூட்டம் மாடியில் நடந்தது. பெரிய மேனேஜர், எச்.ஆர் மேனேஜர், மிஸ்டர் சந்திரன், நான். எப்படி நடந்தது என்று பெரிய மேனேஜர் கேட்டார். மிஸ்டர் சந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“மேப்பை டிஜிட்டைஸ் பண்ணது மேரி, சார். அவங்களுக்கு முறையான பயிற்சி இல்ல.”

முப்பத்தைந்து வருஷ வேலையில் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. சான்றிதழ் வாங்கும்போது மேப் அவருடையது, தண்ணீர் வந்தபிறகு மேப் என்னுடையது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பாவத்தில் எனக்கும் பங்கு இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி இல்லை என்று சொன்ன வாய் யாருடையது? என் கையில் பைல் இருந்தது. ஐந்து கடிதத்தையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன்.

“ஆமா சார், எனக்குப் பயிற்சி இல்ல. அஞ்சு தடவை கேட்டேன். அவசியமில்லன்னு அஞ்சு தடவை எழுதிக் குடுத்தீங்க. பயிற்சி இருக்கிறவர்கிட்ட போய், ரோடு ஒட்டலன்னு கேட்டேன். விட்டுடுங்கன்னாரு.”

எச்.ஆர் மேனேஜர் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், தன் கையெழுத்தைத் தானே பார்த்தார். நான் ஜி.பி.எஸ்ஸில் எடுத்த அளவுகளைக் காட்டி, மேப்பில் வீடுகளை நகர்த்த அனுமதி கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

யோசித்து அவர்கள் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது: இனிமேல் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டுமே மேப்பில் கை வைக்கலாம். என் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். என்னை எடை மேடைக்கு, லோரியில் வரும் பழக்குலைகளின் எடையைப் பதியும் இடத்துக்கு, மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மேப்பைச் சரி செய்யும் பொறுப்பு மிஸ்டர் சந்திரனிடம் போனது. அவர் மூன்று நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான்காம் நாள், மென்பொருள் பழசு, அடுத்த பட்ஜெட்டில் புதிது வாங்கி வெளியாளை வைத்துச் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அதாவது, தப்பு எங்கே என்று தெரிந்தவளுக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்தவருக்குத் தெரியவில்லை. வருஷக் கடைசியில் மறுபடி மழை வரும். சுவரில் மூன்றாம் டிவிஷன் அதே பச்சையில், லோரி லிஸ்டில் பெயர் இல்லாமல். சும்மா கையாலாவது பெயரை எழுதுங்கள் என்றேன். மேப் திருத்தப்படாமல் லிஸ்டை மாற்ற முடியாதாம், நடைமுறையாம். எத்தனை நடைமுறை வேண்டும் ஒரு பெயர் எழுத?

6. முப்பது விநாடி

அடுத்த பயிற்சி செப்டம்பரில். எக்சிகியூட்டிவ் ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றார். எச்.ஆர் கிளார்க் ரொஸ்னா எனக்குப் போன் செய்தாள். என் ஐந்து கடிதங்களையும் டைப் அடித்தவள் அவள்தான். பணம் கட்டிய இடம் வீணாகிறது, பதிலாள் பெயர் கேட்டிருக்கிறார்கள், பதிலாள் என்ன தரத்தில் இருக்கவேண்டும் என்று பாரத்தில் எங்கேயும் போடவில்லை என்றாள். “அலாமாக், காக் மேரி, நாளைக்கே போயிடுங்க, மேல கேட்டா நான் பாத்துக்கிறேன்” என்று அவள் மலாயில் அக்கா முறை வைத்துச் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. ஹாலில் இருபது பேர், பெரும்பாலும் டை கட்டியவர்கள். ஒருவர் என்னிடம் டீ எத்தனை மணிக்கு என்று கேட்டார், நான் ஹோட்டல் ஆள் என்று நினைத்து. பத்தரை மணிக்கு என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் காலை பாடம் டேட்டம். பயிற்றுநர் டாக்டர் நோர், நிதானமாக, யாருக்கும் புரியும்படி சொல்லிக்கொடுக்கும் பெண். பூமியில் ஒரு இடத்தின் எண்ணைச் சொல்ல எங்கிருந்து அளக்கிறோம் என்று ஒரு அடிப்படை வேண்டும், நம் நாட்டில் பழைய பிளான்களுக்கு ஒரு அடிப்படை, சாட்டிலைட் வந்தபிறகு வேறு அடிப்படை, எது எதில் இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லாமல் இரண்டையும் அடுக்கினால் எல்லாம் கிட்டத்தட்ட இருநூறு மீட்டர் பக்கவாட்டில் தள்ளிப்போகும் என்றார்.

இருநூறு மீட்டர். ஒரே அளவு, ஒரே திசை. இதை மிஸ்டர் சந்திரன் இதே ஹாலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் ஐந்து வருஷம் கதவைத் தட்டினேன்.

அப்போதுதான் டாக்டர் நோர், முன்னால் படித்தவர் செய்த நல்ல புரோஜெக்ட் ஒன்றைக் காட்டுகிறேன் என்று ஸ்கிரீனில் ஒரு மேப்பைப் போட்டார். என் நீலம், என் பச்சை. மேட்டுச் சரிவில் மூன்றாம் டிவிஷன். கீழே மிஸ்டர் சந்திரன் பெயர். வீடுகளை எவ்வளவு அழகாக வகைப்படுத்தியிருக்கிறார் பாருங்கள் என்று டாக்டர் நோர் பாராட்டிக்கொண்டே போனார்.

நான் எழுந்து நின்றேன். அந்த மேப் தப்பு என்று மலாயில் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார்.

“நான்தான் வரைஞ்சேன்.”

“இதுல வேற பேரு இருக்கே?”

“பேரு அவரோடது டாக்டர். தப்பு என்னோடது.”

எல்லாவற்றையும் சொன்னேன்: ஒட்டாத ரோடு, விட்டுடுங்க, லோரி லிஸ்ட், கோயில் மண்டபம், முறிந்த கால். என்னைத் தடுக்கவோ சமாதானப்படுத்தவோ அவர் முயலவில்லை. முடித்ததும் ஸ்கிரீனைத் திரும்பிப் பார்த்தார். தானே டேட்டம் பாடம் எடுத்து, தானே இதைத் திருத்தி, தானே மிகச் சிறப்பு என்று போட்டு, மூன்று வகுப்புகளுக்கு மாதிரியாகவும் காட்டியிருப்பதாகச் சொல்லி, எல்லார் முன்னாலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் மேலே இருக்கிற ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அது ஒன்றுதான். பிறகு, முன்னால் வந்து நீங்களே சரி செய்யுங்கள் என்றார்.

போனேன். வீடுகளின் லேயரைத் தேர்ந்தெடுத்து, இது பழைய அடிப்படையில் இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொன்னேன். புதிய அடிப்படைக்கு மாற்று என்றேன். வீடுகள் மேட்டை விட்டு இறங்கி, மேற்கே நகர்ந்து, ஆற்றங்கரையில் நீலத்துக்குள் போய் நின்றன. முனியாண்டி வீடு, சரோஜா அக்கா வீடு, ஆயாக்கொட்டகை. எல்லாம் சேர்த்து முப்பது விநாடி ஆனது. நான் அங்கேயே அழுதுவிட்டேன், சந்தோஷத்தில் இல்லை.

7. யாருக்கு அவசியம்

ஹாலில் திருத்திய மேப்பையே என் பெயரில் புரோஜெக்டாக அனுப்பிச் சான்றிதழ் வாங்கினேன். ஆபீசில் கடவுச்சொல்லை எனக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது, அவர்கள் போட்ட விதியே அதுதானே. மேப் மாறியது, லிஸ்ட் மாறியது. அந்த வருஷக் கடைசி மழையில் முதல் லோரி மூன்றாம் டிவிஷனுக்குத்தான் போனது. தண்ணீர் ஏறுவதற்குள் ஆள்களும் துணிமணியும் டி.வி.யும் வெளியே வந்துவிட்டன. மிஸ்டர் சந்திரன் பதவி உயர்வில் மெர்சிங் பக்கம் போய்விட்டார். போகும்போது, வகுப்பில் நான் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்றார். நான் அப்படி வீடு வரைந்திருக்க வேண்டாம், நீங்களும் விட்டுடுங்க என்று சொல்லியிருக்க வேண்டாம் என்றேன். எச்.ஆர் எனக்குப் பிறகு அந்தப் பாரத்தை மாற்றும் என்று நம்பி ஓய்வுபெற்றேன்.

மாற்றவில்லை. இப்போது என் நாற்காலியில் இருப்பது கவிதா, இரண்டு பிள்ளைகளின் அம்மா, டிரோன் படத்தை எல்லாம் மேப்பில் ஏற்றுகிறாள். போன மாதம் ஒரு கடிதத்தை போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ‘இப்பயிற்சி தங்களின் தற்போதைய பணிக்கு அவசியமில்லை.’ ஒரு வார்த்தை மாறவில்லை. வெள்ளம் வந்தது, கால் முறிந்தது, கூட்டம் நடந்தது, அந்த வாக்கியம் மட்டும் நனையாமல் அலமாரியில் இருந்திருக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டு. அடுத்தவர் பெயரில் போகிற வீட்டுப்பாடத்தைச் செய்து கொடுக்காதீர்கள். அது உதவி இல்லை, என்னைப்போல் நீங்களும் ஒரு நாள் பதில் சொல்லவேண்டி வரும். இரண்டாவது, பயிற்சி கேட்டால் எழுதிக் கேளுங்கள், மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள், அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். மூன்றாவது ஒன்று உண்டு, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சரோஜா அக்கா.

கவிதாவின் கடிதத்தைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன். மறுநாள் காலை வேலைக்குப் போகாமல், முனியாண்டியையும் லயத்து ஆள்கள் பத்துப் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வட்டார ஆபீசுக்குப் போயிருக்கிறார். கவிதாதான் எனக்குச் சொன்னாள். எச்.ஆர் மேனேஜர் வெளியே வந்து, உங்களுக்கும் இந்தப் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம், இது ஆபீஸ் ஊழியர் விஷயம் என்றிருக்கிறார். சரோஜா அக்கா, கவிதாவிடம் கேட்டு வாங்கிய அந்தக் கடிதத்தை அவர் முன்னால் நீட்டினாராம்.

“அந்தப் பிள்ளைக்கு அவசியமில்லன்னு எழுதியிருக்கீங்க, சரி. எங்க வீட்டை வரையறது அந்தப் பிள்ளைதான். எங்களுக்கு அவசியம். இப்ப எழுதுங்க.”

மேனேஜர் எழுதும்வரை வந்தவர்கள் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். அடுத்த வகுப்பில் கவிதாவின் பெயர் இருக்கிறது.